மைனஸ் பதினொன்று

கல்யாணம் ஆகிவிட்டதா என்று நீங்கள் சாதாரணமாகத்தான் கேட்டீர்கள் அக்கா. ஆகிவிட்டது, ஆகவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். ஆனால் இரண்டில் எதைச் சொன்னாலும் இன்றைய நிலவரத்துக்கு அது சரியான பதிலாக இருக்காது. சரியில்லாத பதிலைச் சொல்லிவிட்டால் பிறகு எனக்குச் சோறு இறங்காது. நீங்கள் திருப்பூர் வரைக்குமா? நான் பல்லடத்தில் இறங்க வேண்டும். அதற்குள் சொல்லிவிடலாம்.

என் பெயர் செம்மலர். சொந்த ஊர் இதோ நாம் ஏறிய சூலூர்தான். அப்பா தறி ஓட்டுகிறார். சொந்தத் தறி இல்லை, கூலிக்கு. எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். பீளமேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று அம்மா கேட்டபோது, ஒரு காரியம் நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று சரியாகச் சொல்கிற வேலை என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதைத்தான உங்கப்பா இத்தனை வருசமா சம்பளமில்லாமச் செஞ்சுட்டிருக்கறாரு" என்றாள்.

ஆனால் நிஜமாகவே அதுதான் வேலை. நீங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் என்றீர்களே, காலையில் உள்ளே போகும்போது விரல் வைக்கிறீர்களா? சுவரில் மாட்டிய கறுப்புப் பெட்டிதானே? ஓரத்தில் பச்சை விளக்கு எரியுமே, அதுவா? அப்படியென்றால் உங்கள் கட்டைவிரலுக்கும் எனக்கும் ஏற்கெனவே தொடர்பு உண்டு அக்கா. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சின்னக் கம்ப்யூட்டர் எங்கள் கம்பெனி செய்தது.

அதற்குள் இரண்டு ஆட்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒருவர். திரையில் உங்களிடம் பேசுகிறவர். பேச்சு மட்டும்தான், அவருக்குக் கையும் கிடையாது, கண்ணும் கிடையாது. கீழே இன்னொருவர். அவருக்குக் கெர்னல் என்று பெயர். விரலைப் படிக்கிற கண்ணாடி, விளக்கு, பேட்டரி எல்லாம் அவர் பொறுப்பு. மேலே இருப்பவருக்கு எது வேண்டும் என்றாலும் கீழே இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். இந்த விரலைப் படித்துக் கொடு என்பார். படித்துவிட்டால் கெர்னல் பூஜ்யம் என்று சொல்வார். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு எண் சொல்வார். அதுதான் எரர் கோடு. மைனஸ் இருபத்திரண்டு என்றால், நீ கொடுத்ததே சரியில்லை. மைனஸ் பத்தொன்பது என்றால், அப்படி ஒரு கருவியே இங்கே இல்லை. மைனஸ் பதினொன்று என்றால், இப்போது தயாராக இல்லை, மறுபடி கேள். அந்தக் கீழ் ஆள் சொல்கிற எண் உண்மையா என்று பார்ப்பதுதான் என் வேலை.

இந்தப் பதினொன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா எரரிலும் நம்பிக்கையான எரர் அதுதான். முடியாது என்று அது சொல்லவே இல்லை, பாருங்கள்.

சரி, கல்யாண விஷயம். அப்பாவின் நண்பர் மயில்சாமி மாமா, தறிக்கு நூல் கொண்டுவரும் டெம்போ ஓட்டுகிறவர், ஒரு மாப்பிள்ளை சொன்னார். பெயர் பூபதி. ஊர் பல்லடம். அப்பா அம்மா இல்லை, அக்கா வசந்தாமணிதான் வளர்த்தது. என்ன வேலை என்று கேட்டதற்கு, கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பெட்டி ரிப்பேர் செய்கிறார் என்றார் மாமா. என்ன பெட்டி என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு வேறு கவலை. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் ஜாதகம் என்று ஒரு பொருளே கிடையாது. நான் பிறந்த நேரத்தைக் கேட்டால் அம்மா, இட்லி ஊற்றுகிற நேரம் என்பாள். காலை இட்லியா ராத்திரி இட்லியா என்று கேட்டால் அதுவும் ஞாபகமில்லை. ஆகவே அப்பா முதலிலேயே சொல்லியனுப்பினார்: ஜாதகம் இல்லை, கேட்கவும் கூடாது. எங்களுக்கும் அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை என்று அங்கிருந்து பதில் வந்தது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பெண் பார்க்கச் சனிக்கிழமை ராகுகாலத்தில்தான் வர வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்தார். நல்ல நேரம் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு கறாராகப் பார்க்க மாட்டார்கள்.

வந்தார்கள். பூபதி, வசந்தாமணி அக்கா, அவருடைய வீட்டுக்காரர். இனிப்பு, மிக்சர், காபி எல்லாம் ஆனது. மாப்பிள்ளையும் பெண்ணும் தனியாகக் கொஞ்சம் பேசட்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் இரண்டே அறை, இரண்டிலும் ஆட்கள். ஆகவே எங்களைப் பக்கத்துத் தறிக்குடோனில் கொண்டுபோய் நிற்க வைத்தார்கள்.

நீங்கள் தறிச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சு. காதுக்குள் வாயை வைக்கிற உறவு இன்னும் வரவில்லை அல்லவா, அதனால் ஆளுக்கொரு தூணோரம் நின்றுகொண்டு கத்தினோம். என்ன வேலை என்று அவர் கத்தினார். நான் கத்தினேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். "அந்தக் கறுப்புப் பொட்டியா? அப்ப நான் ரெண்டு வருசமா வாங்குன திட்டெல்லாம் உங்களுக்கு வர வேண்டியதுங்க!" என்றார்.

அவர் ரிப்பேர் செய்கிற பெட்டி அதுதான் அக்கா.

அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெட்டிக்குள் எது கெட்டாலும் திரையில் ஒரே வாசகம்தானாம்: ரேகை பொருந்தவில்லை. ஒயர் கழன்றாலும் அதுதான். கண்ணாடியில் பஞ்சு படிந்தாலும் அதுதான். கரண்ட் குறைந்தாலும் அதுதான். விரல் வைக்கிறவர்கள் தங்கள் விரலில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓர் அம்மாவுக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்துவிட்டதாம். இன்னொருவர் பூண்டு உரிப்பதையே விட்டுவிட்டாராம். இவர் போய்ப் பெட்டியைத் திறந்து ஒயரை அழுத்துவார், சரியாகிவிடும். உடனே பூபதிக்கு நல்ல கைராசி என்பார்கள். ஒயருக்குத்தான் ராசி என்று சொன்னால் நம்ப மாட்டார்களாம்.

நீங்களும் எலுமிச்சம்பழமா தேய்த்தீர்கள்? ஐயோ அக்கா. உங்கள் விரலில் ஒன்றும் இல்லை. இருந்ததே இல்லை. தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கீழ் ஆள் எல்லாவற்றுக்கும் இருபத்திரண்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ கொடுத்ததே சரியில்லை என்கிற எண். எனக்கு முன்னால் யாரோ எழுதியது. அவசரத்தில் எல்லாக் கோளாறுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் அவருக்கு இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினொன்று எல்லாவற்றையும் விளக்கினேன். கத்தித்தான் விளக்கினேன். பொய் சொல்வது நாங்கள்தான், தப்பு யார் மேல் என்று தெரிந்தாக வேண்டும், இதை இப்படியே விட மாட்டேன் என்றெல்லாம் கத்தியிருக்கிறேன். வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வார்த்தைகள் மட்டும் கேட்டிருக்கின்றன. வசந்தாமணி அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாராம்.

"மெஷின்ல கோளாறுன்னு மெஷினே ஒத்துக்கிட்டா போதுங்க. பாவம், அவங்க வெரல் மேல பழி வேண்டாம்" என்றார் அவர். எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது. வாக்கியம்தான் அக்கா. நீங்கள் வேறு மாதிரி பார்க்கிறீர்கள்.

அப்போது கரண்ட் போனது. எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வருகிற அமைதியில் காது என்னவோ மாதிரி ஆகிவிடும். அந்த அமைதியில் அவர் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உங்களுக்குச் சம்மதங்களா?" என்றார்.

நான் நன்றாக யோசித்தேன். சம்மதம் என்று சொல்வதா? அதுவரை அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இருபத்திரண்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்காமல் சம்மதம் என்பது நேர்மையில்லை. சம்மதமில்லை என்பதோ பச்சைப் பொய். ஆகவே உள்ளதை உள்ளபடி, "இப்போ பதில் தயாரா இல்லீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேளுங்க" என்றேன்.

ஏன் அக்கா நெற்றியில் அடித்துக்கொள்கிறீர்கள்? வெயிலா? ஜன்னலைச் சாத்தட்டுமா?

அவர் சரிங்க என்றார். கரண்ட் வந்தது. போய்விட்டார்கள். அவர்களுடைய வேன் முக்குத் திரும்பும்போதே எனக்குப் பதில் தயாராகிவிட்டது. ஆனால் அவர் கேட்கவில்லை. அன்று கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. போன் நம்பர் அவரிடம் இருந்தது. நான் போனைச் சார்ஜிலேயே போட்டு வைத்திருந்தேன். நீயே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கேட்காத கேள்விக்குக் கெர்னல் பதில் சொல்ல மாட்டார் அக்கா. அது முறையும் இல்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். ஒயர் இல்லையென்றால் பத்தொன்பது, கண்ணாடி தயாராகவில்லை என்றால் பதினொன்று, நிஜமாகவே விரல் சரியாகப் படாவிட்டால் மட்டும் இருபத்திரண்டு என்று பிரித்து எழுதினேன். எழுதியதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து இன்னும் வருடம் முடியவில்லை, என் வேலையை இன்னும் நிரந்தரம் செய்யவில்லை. தப்பு நடந்தால் முதலில் வெளியே போவது நான்தான் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. எங்கள் சீனியர் நந்தகோபால் சார் பார்த்துவிட்டு, மேல் ஆளை எழுதுகிறவர்களுக்குச் சொல்லியாச்சா என்று மட்டும் கேட்டார். மெயில் அனுப்பிவிட்டேன் என்றேன். அனுப்பியிருந்தேன். அதை யாரும் திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் புதிதாக எழுதியதை முதலில் ஒரே ஒரு கம்பெனிப் பெட்டியில் ஏற்றிப் பார்க்கலாம் என்று முடிவானது. பல்லடம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. ஏற்றப் போகிற சர்வீஸ் ஆள் பெயர் பூபதி என்று போட்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தெரிந்த ஆள் என்றால் பார்த்து ஏற்றுவார் அல்லவா, அதனால்.

ஏற்றினார். நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் பெட்டிக்குள் எலி புகுந்து ஒயரைக் கடித்துவிட்டது. கீழ் ஆள், நான் எழுதிக் கொடுத்தபடி, பத்தொன்பது என்றார். கருவியே இல்லை. எவ்வளவு சரியான பதில். ஆனால் மேல் ஆளை எழுதியவர் எப்படி எழுதியிருந்தார் தெரியுமா? இருபத்திரண்டு வந்தால் ரேகை பொருந்தவில்லை என்று காட்டு. வேறு எது வந்தாலும் வருகையைப் பதிந்துகொள். கீழேயிருந்து இருபத்திரண்டைத் தவிர வேறு எரரே அவர் காலத்தில் வந்ததில்லையே, பாவம். ஆகவே உங்கள் நம்பரை அழுத்திவிட்டு விரல் வைத்தாலும், வைக்காவிட்டாலும், முழங்கையை வைத்தாலும், திரை சொல்லியிருக்கிறது: வருகை பதிவானது, நன்றி.

காலை டீ இடைவேளைக்குள் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். மறுநாள் அந்தக் கம்பெனியில் ஒருவர்கூட லீவு இல்லை. பழனிக்குப் போனவர்கள் வந்திருந்தார்கள். பிரசவத்துக்குப் போனவர் வந்திருந்தார். எப்போதோ சண்டை போட்டுக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போன மாஸ்டர்கூட அன்று வேலைக்கு வந்திருந்தார். முதலாளி கம்ப்யூட்டரில் இதைப் பார்த்துப் பூரித்துப்போய், எல்லோருக்கும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம் என்று தையல் செக்ஷனுக்குள் போயிருக்கிறார். பாதி மெஷின் காலியாக இருந்ததாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அங்கே பூபதியைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினார்கள் அக்கா. நான் சரியாக எழுதிய எண்ணுக்காக அவர் திட்டு வாங்கினார்.

இங்கே என்னை நந்தகோபால் சார் கூப்பிட்டார். அவருக்கு வாயுத் தொந்தரவு, கோபம் வந்தாலும் நெஞ்சைத் தடவிக்கொண்டுதான் பேசுவார். "இருபத்திரண்டு பொய்தாம்மா, யாரு இல்லைன்னா. ஆனா மேல இருக்கறவன் அந்தப் பொய்யை நம்பி ஒழுங்கா குடும்பம் நடத்திட்டிருந்தான்" என்றார். நான்தான் சார் மாற்றினேன் என்றேன். தெரியும்மா, அதில் உன் பேர்தானே இருக்கு என்றார். மேலே திருத்தும்வரை பழையபடியே போடச் சொன்னார். என் கையாலேயே எல்லாவற்றையும் மறுபடி இருபத்திரண்டு ஆக்கினேன். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

காரணம்பேட்டை வந்துவிட்டதா? சரி, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து மயில்சாமி மாமா மூலமாகப் பதில் வந்துவிட்டது. என்ன பதில் தெரியுமா?

ஜாதகம் பொருந்தவில்லையாம்.

நாங்கள் ஜாதகமே கொடுக்கவில்லை அக்கா. எங்களிடம் ஜாதகமே இல்லை. கொடுக்காத ஜாதகம் எப்படிப் பொருந்தாமல் போகும்? அப்பாவுக்கு மாப்பிள்ளை போனதுகூடப் பெரிதில்லை. "எங்கூட்டுக்கே வந்து ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லியுடறானா" என்று அதையே சொல்லிச் சொல்லி நடந்தார். அம்மாவின் துக்கம் வேறு. "ஒண்ணு எழுதி வெச்சிருந்தா இந்நேரம் பொருந்தியிருக்கும்" என்று அப்பாவைப் பார்த்து அழுதாள்.

எனக்கு இது நன்றாகத் தெரிந்த நோய். எல்லாவற்றுக்கும் இருபத்திரண்டு. நிஜமான காரணம் கீழே எங்கோ இருக்கிறது. நடுவில் யாரோ அதை அமுக்கிவிட்டுத் தன் எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறார். என் சந்தேகம் ஒன்றே ஒன்றுதான்: என்னால் அவர் வாங்கிய திட்டுதான் நிஜக் காரணமோ? அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. அவர் வேண்டும் என்பதற்காக இல்லை. அதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தவறான எரர் கோடு ஒன்று நம் பெயரில் வந்திருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததும் அதனால்தான்.

இந்த மாதிரி நேரத்தில் மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அதுதான் வழி. முதல் படி மயில்சாமி மாமா. நூல் இறக்கிக்கொண்டிருந்தவரை டெம்போ பக்கத்தில் போய்ப் பிடித்தேன். கொடுக்காத ஜாதகத்தை யார் பார்த்தது என்று கேட்டேன்.

"கண்ணு, அது எல்லாரும் சொல்றதுதான. அவங்க வேண்டாம்னு உட்டாங்கன்னு உங்கப்பன் மூஞ்சிக்கு நேரா நான் எப்படிச் சொல்லுவேன்? ஜாதகத்து மேல போட்டுட்டா ஆருக்கும் வருத்தமில்லை பாரு."

அப்படியானால் உங்களிடம் அவர்கள் சொன்னது என்ன என்று கேட்டேன். பையனுக்கு வெளியூரில் வேலை வரும்போல, இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்றார்களாம்.

இரண்டாவது படி வசந்தாமணி அக்கா. போனில் என் குரலைக் கேட்டதும், பொண்ணா பேசறது என்று இரண்டு தடவை கேட்டார். பெண்ணே கூப்பிட்டுக் கேட்பது அவர்கள் பக்கம் வழக்கமில்லை போலிருக்கிறது. எங்கள் பக்கமும் வழக்கமில்லைதான். வெளியூர் வேலை எந்த ஊரில் என்று கேட்டேன். முதலில் ஓசூர் என்றார். என்ன கம்பெனி என்றேன். பிறகு, அப்படி ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று தம்பி வீட்டுக்கு வந்ததுமே சொல்லிவிட்டாராம். அதை அப்படியே திருப்பிச் சொன்னால் பெண் வீட்டுக்கு அவமானம் என்று வெளியூர் வேலையாக மாற்றினாராம். உடனே சொன்னால் மரியாதையாக இருக்காது என்று பத்து நாள் வேறு வைத்திருந்து சொன்னாராம். "நீங்க உள்ள போட்ட சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு கண்ணு, இது ஆகாதுன்னு" என்றார்.

எனக்கு இஷ்டமில்லையா? இதை யார் சொன்னது? ஒவ்வொரு படியிலும் ஒரு நல்ல மனிதர் உட்கார்ந்துகொண்டு நல்லெண்ணத்தில் எண்ணை மாற்றியிருக்கிறார், பார்த்தீர்களா.

கடைசிப் படி அவர். மறுநாள் மதியம் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். முதலில் அந்த எலி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "அது கெடக்குதுங்க. திட்டுனது ஒருத்தரு. டீ வாங்கிக் குடுத்தது அந்தக் கம்பெனியே" என்றார்.

"அப்ப எதுக்கு வேண்டாம்னு சொன்னீங்க?"

"நானாங்க? நீங்கதான சொன்னீங்க."

"மறுபடி கேளுங்கன்னுதான சொன்னேன்."

"பொண்ணு பாக்கப் போன எடத்துல அப்புறம் சொல்றோம்னா, வேண்டாம்னுதானுங்க அர்த்தம்."

"நான் அப்புறம் சொல்றேன்னு சொல்லலீங்க. மறுபடி கேளுங்கன்னு சொன்னேன். அது வேற, இது வேற. பதினொண்ணுன்னா என்னன்னு அப்பத்தான உங்களுக்குச் சொல்லி முடிச்சேன்."

"அது மெஷினுக்கு மட்டும்னு நெனச்சுட்டனுங்க" என்றார்.

எவ்வளவு தெளிவாகச் சொல்லியும் பாருங்கள். அவரே, "எத்தனை வாட்டி கேக்கோணுங்க?" என்றார்.

"பதில் வர்ற வரைக்கும். நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டுக் கேக்கணும். விடாமக் கேட்டுட்டே இருந்தா மெஷின் சூடாயிடும்" என்றேன்.

அதற்கு அவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. கட்டாகிவிட்டது. சிரித்தாரே தவிர, கேட்க வேண்டியதை அப்போதும் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

இதற்கிடையில் ஒரு நல்லது நடந்தது. நான் அனுப்பிய மெயிலை மேலே எழுதுகிறவர்கள் ஒருவழியாகத் திறந்து படித்தார்கள். அவர்கள் பக்கம் திருத்திவிட்டார்கள். என் எண்கள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. திரையில் என்ன வாசகம் போடலாம் என்று கேட்டார்கள். நான் ஒன்று எழுதிக் கொடுத்தேன். நந்தகோபால் சார், இவ்வளவு நீளமா என்றார், ஆனால் விட்டுவிட்டார். கூடிய சீக்கிரம் உங்கள் கம்பெனிக்கும் வரும். பெட்டியில் கோளாறு வந்தால் அதுவே சொல்லும்: மெஷினில் கோளாறு, உங்கள் விரலில் தவறில்லை. வாக்கியம் என்னுடையது இல்லை. யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அவருக்குத்தான் இன்னும் புத்தி வரவில்லை. நேற்று அவரிடமிருந்து ஒரு மெசேஜ். இருங்கள், படிக்கிறேன். "உங்க ஜாதகம் என்கிட்டதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை பல்லடம் பஸ் ஸ்டாண்டு எதிர்ல இருக்கற பேக்கரிக்கு வந்தீங்கன்னா நேர்ல குடுத்துடறேன்."

எந்த ஜாதகம்? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு விளக்கிய பிறகும் மறுபடி அதே இருபத்திரண்டு. ஒருவேளை எனக்குத் தெரியாமல் ஏதாவது நடந்திருக்குமோ என்று அப்பாவிடமே கேட்டேன், நாம் யாருக்காவது ஜாதகம் கொடுத்தோமா என்று. மெசேஜைக் காட்டினேன். அப்பா அதைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு, "போயி வாங்கிட்டு வா கண்ணு. நானே வண்டியில கொண்டாந்து பஸ் ஏத்தி உடறேன்" என்றார். ஜாதகம் என்ற வார்த்தையைக் கேட்டு அப்பா சிரித்து நான் பார்த்ததே இல்லை. அம்மா இந்தப் பூவை வைத்துவிட்டு, அப்பாவுக்குக் கேட்காமல், "நெசமாவே இருந்தா பத்திரமா வாங்கிட்டு வந்துரு சாமி" என்றாள்.

நான் போவது, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பதை நேரில் சொல்லி முடித்துவிட்டு வரத்தான். ஏன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள்? முன்சீட்டு அம்மா வேறு திரும்பிப் பார்க்கிறார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் மட்டும் இருக்கிறது. உங்களிடம் சொல்கிறேன். ஒருவேளை இன்று அவர் மறுபடி கேட்டுவிட்டால்? கேட்கலாம், இடைவெளி விட்டாகிவிட்டது. காரியம் ஆகாவிட்டால் என்ன சொல்வது என்பதற்கு எங்களிடம் நூற்றுக்கு மேல் எண்கள் இருக்கின்றன. ஆகிவிட்டால் வெறும் பூஜ்யம். திரையில் ஒன்றும் வராது, விளக்குகூட மேல் ஆள் நினைத்தால்தான் எரியும். எனக்குத் தெரிந்த சம்மதம் எல்லாம் அப்படிச் சத்தமில்லாதது. நான் சத்தமில்லாமல் நின்றால் அவர் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்? போன தடவை அவ்வளவு தெளிவாகச் சொன்னதையே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டவர்.

பல்லடம் வந்துவிட்டது. அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள் அக்கா. அதோ, பேக்கரி வாசலில், நீலச் சட்டை. அவர்தான். கையில் ஏதாவது கவர் இருக்கிறதா பாருங்கள். இல்லை அல்லவா? இரண்டு கையும் காலி. நான்தான் சொன்னேனே, ஜாதகமே இல்லை என்று.

என்ன சொன்னீர்கள்? தலையை ஆட்டினால் போதுமா? அவ்வளவுதானா? சரி. இறங்குகிறேன் அக்கா. மேலும் கீழுமாகத்தானே? பக்கவாட்டில் ஆட்டினால் மறுபடி வீட்டுக்குப் போய்விடப் போகிறார்.